கடல் கடந்த கலியாணமும் காகிதக் கட்டும்

சங்கக் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் மூன்று கடிதங்களை ஒன்றாகக் கட்டி என் கையில் கொடுத்தார். ஒன்று அல்சூரிலிருந்தும், ஒன்று விவேக் நகரிலிருந்தும், மற்றொன்று எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்தே வந்தவை. மூன்றிலும் கேள்வி ஒன்றேதான். தென் கொரிய நாட்டுக் குடிமகன் ஒருவனை மணந்த நம் பெண், அவனுடன் அந்நாட்டிலே சென்று குடித்தனம் நடத்த விசாப் பெறுவது எங்ஙனம்? ஒரு கடிதத்தில் மட்டும் பெண்ணுக்குப் பதில் பிள்ளை. கொரியப் பெண்ணை மணக்கவிருக்கிறவன். விதி இருபாலார்க்கும் ஒன்றே ஆதலின், இங்கே 'பெண்' என்று எழுதுமிடங்களில் பிள்ளையையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

நம்மவர் பலர் மயங்குமிடம் முதற்படியிலேயே இருக்கிறது. கலியாணம் என்பது ஒன்று. மணந்தவனோடு ஒரே கூரையின் கீழ் வாழ அனுமதி என்பது வேறொன்று. நம் முன்னோர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஜோலார்பேட்டைக்கும் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கும் 1864இல் இருப்புப்பாதை போட்டபின், வட ஆற்காட்டிலிருந்து இவ்வூருக்கு வந்த மணப்பெண்களுக்கு ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டுப் போதுமாயிருந்தது. மொழி வேறு, தண்ணீர் வேறு, அண்டை அயல் வேறு. எனினும் எவரும் 'நீ இவன் மனைவிதானா?' என்று வாசலில் நின்று கேட்கவில்லை. கொரிய அரசாங்கம் கேட்கிறது. அக்கேள்விக்கு விடை வாயினால் சொல்லப்படுவதன்று, காகிதத்தினால் சொல்லப்படுவது. ரயில்வே ஆபீசில் காகிதங்களோடு காலம் கழிப்பவனாதலின் இதை எழுதும் துணிவு எனக்கு வந்தது.

கொரியா நமக்கு இன்று அவ்வளவு தூரத்து நாடன்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998இல் கார் செய்யத் தொடங்கியது முதல் கொரியக் குடும்பங்கள் சென்னைப் பக்கம் குடியேறின. பெங்களூரில் சாம்சங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோடு வரை ஓடத் தொடங்கிய நம் மெட்ரோ ரயிலின் பெட்டிகளைச் செய்ததிலும் பி.இ.எம்.எல்.லோடு கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம் கம்பெனி கூட்டுச் சேர்ந்திருந்தது. ஆபீசில் பழகியும், கல்லூரியில் உடன் பயின்றும் மனமொத்துப் போன பிள்ளைகளே பெரும்பாலும் இக்கடிதங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தரகர் சேர்த்து வைத்த கலியாணம் நம்மவரிடையே அபூர்வம். அபூர்வமாகவே இருக்கட்டும்.

இக்கலியாணப் பேச்சு வந்தவுடன் எவரேனும் ஒருவர் பழங்கதை ஒன்றை எடுத்துவிடுவார். 'சம்குக் யூசா' என்னும் கொரிய நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்த பிக்குவால் தொகுக்கப்பட்டது. அதில், அயுதா என்னும் நாட்டு இளவரசி கி.பி. 48இல் கடல்வழியே வந்து சூரோ என்னும் அரசனை மணந்தாள் என்று கதை உண்டு. அந்நாடு அயோத்தி என்பர் வடக்கே. குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பர் நம்மவருள் சிலர். கல்வெட்டுச் சான்று ஏதுமில்லாத இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல யான் துணியேன். கிம்ஹே ஊர்க் கிம் குலத்தார் இன்றும் அவளைத் தம் பாட்டி என்று போற்றுவது மட்டும் உண்மை. சம்பந்தி வீட்டாரோடு பேச இது நல்ல பேச்சு. விசா ஜன்னலில் செல்லாது.

அவர்கள் குலமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உடையவர்கள் மணக்கலாகாது என்று நெடுங்காலம் அவர்கள் சட்டமே தடுத்திருந்தது. 1997இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அதைக் குறை கூற, 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் எட்டாம் உறவுப் படிக்குட்பட்ட இரத்த உறவில் மணம் கூடாது. மாமன் மகளை மணப்பது நமக்கு முறை. அவர்களுக்குச் சட்ட விரோதம். சம்பந்தியம்மாளிடம் 'எங்கள் வீட்டில் அத்தை மகனுக்கே கொடுப்பதாக இருந்தது' என்று பெருமையாகச் சொல்லி விழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் பேட்டையில் ஒரு குடும்பம். பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். மாப்பிள்ளை வேலை நிமித்தம் பெங்களூர் வந்திருந்த கொரிய இஞ்சினியர். முருகன் சந்நிதியில் தாலி கட்டி, மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு விருந்து நடந்தது. மாப்பிள்ளை வேட்டியை இடுப்பில் நிறுத்த முடியாமல் தவித்ததை இன்னும் எங்கள் தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூன்றாம் வாரம் அவருடைய வேலைக் காலம் முடிந்து ஊர் திரும்பினார். பெண் இரண்டு மாதத்தில் பின்தொடர்வாள் என்பது ஏற்பாடு. அவள் விமானம் ஏறியது பதினொரு மாதம் கழித்து. இடையில் நடந்ததெல்லாம், கலியாணத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய வேலைகள்.

கோயிலில் தாலி கட்டினால் அது 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தின் கீழ் செல்ல வேண்டுமாயின் மணமக்கள் இருவருமே அச்சட்டத்தின்படி இந்துக்களாயிருத்தல் வேண்டும். (பௌத்தர், சமணர், சீக்கியரையும் அச்சட்டம் அப்பெயரில் அடக்குகிறது, கொரிய மாப்பிள்ளை பௌத்தரென்றால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.) ஆஸ்டின் டவுனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, அவர்களுக்கு 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவ விவாகச் சட்டம் இருக்கிறது, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராயிருந்தாலும் அது செல்லும். மற்றையோர்க்குச் சிக்கலற்ற வழி 1954ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டமே. இருவரில் ஒருவரேனும் அந்த ஜில்லாவில் முப்பது நாளுக்குக் குறையாமல் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அது பார்வைக்கு வைக்கப்பட்டு, முப்பது நாள் ஆட்சேபணைக்கு இடம்விட்டு, பின்னர் மூன்று சாட்சிகளோடு விவாக அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாள் முதல் மூன்று மாதத்துக்குள் இது முடியாவிடில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே முகூர்த்த நாள் குறிக்கும் ஜோசியரைப் பார்ப்பதற்கு முன் ரிஜிஸ்டர் ஆபீசைப் பார்த்துவிடுவது உத்தமம். மாப்பிள்ளை இந்நாட்டில் இருக்கும்போதே முடித்துவிட்டால் அவர் மீண்டும் ஒருமுறை விமானக் கூலி கொடுத்து வர வேண்டியிராது. மேற்சொன்ன குடும்பத்தில் மாப்பிள்ளை அதற்காகவே லீவு கேட்டு மீண்டும் வர நேர்ந்தது. ஐந்து மாதம் அதிலேயே போயிற்று.

மீதி மாதங்கள் போனது பெயரில்.

இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் இது தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொள்கிறோம். மாலதி என்றொரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றில் அவள் வெறும் மாலதி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எஸ். மாலதி. ஆதாரில் மாலதி சுப்பிரமணி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாயிருக்கும், அல்லது தகப்பனார் பெயர் ஆங்கிலத்தில் மற்றொரு விதமான எழுத்துக் கூட்டலோடு நிற்கும். விவாகச் சான்றில் எழுதிய குமாஸ்தா, நல்லெண்ணத்தோடேயே, புருஷன் பெயரைச் சேர்த்து நான்காவதொரு பெயரை உண்டாக்கியிருப்பார். நம் கண்ணுக்கு நால்வரும் ஒருத்தியே. கொரிய அதிகாரி கண்ணுக்கு நால்வரும் நால்வரே. ரயிலில் சீட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் பரிசோதகர் என்ன செய்வாரோ அதையே அவரும் செய்கிறார். அவர்மீது கோபித்துப் பயனில்லை.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே மூலமாகக் கொள்க. மற்றெல்லாக் காகிதங்களும் அதன் ஒவ்வோர் எழுத்தையும் பின்பற்றட்டும். திருத்த வேண்டியவை இருந்தால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே திருத்துக. விவாகச் சான்றில் கையெழுத்திடுமுன் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் மூன்றையும் விரல் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஐந்து நிமிஷம் கூச்சப்பட்டால் பின்னால் ஐந்து மாதம் அலைய நேரும். புருஷன் பெயரைத் தன் பெயரோடு சேர்க்கும் அவசரமும் வேண்டாம். கொரியாவில் பெண்கள் மணமானபின்னும் பிறந்த வீட்டுக் குலப்பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். மாமியாருக்கு ஒரு பெயர், மாமனாருக்கு ஒரு பெயர், அதுவே அங்கு வழக்கம். நம் பெண் தன் பெயரிலேயே இருப்பது அவர்களுக்கு இயல்பாகத்தான் தோன்றும். அவர்கள் எழுத்தில் நம் பெயர் எழுதப்படும்போது சற்று உருமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து. ழகரத்துக்கு எழுத்தே இல்லை.

இந்நாட்டில் பெற்ற சான்றை அந்நாடு நம்புவதற்கு அப்போஸ்டில் என்னும் முத்திரை வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி அமைந்த முத்திரை அது. இந்தியா 2005 முதலும் கொரியா 2007 முதலும் அதில் சேர்ந்துள்ளன. ராஜ்ய அரசாங்கத்தின் அத்தாட்சி முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பின்னர். அதன்பின் கொரிய மொழிபெயர்ப்பு. இந்நாட்டில் நடந்த கலியாணத்தை மூன்று மாதத்துக்குள் கொரிய மாப்பிள்ளை தம் தூதரகத்திலோ தம் ஊர் அலுவலகத்திலோ அறிவித்துப் பதிய வேண்டும். இரு நாட்டு ஏட்டிலும் கலியாணம் ஏறியபின்னரே விசா மனு. அதைத் தில்லித் தூதரகம், அல்லது மும்பை, சென்னைத் துணைத் தூதரகங்களில் நம் ஜில்லா எதைச் சேர்ந்ததோ அங்கே கொடுக்க வேண்டும். விசாவின் பெயர் எஃப்-6.

மனுவில் அவர்கள் ஆராய்வன பல. மணமக்கள் எவ்வாறு சந்தித்தனர், எம்மொழியில் பேசிக்கொள்கின்றனர், பெற்றோர் அறிவரா, முன்பு மணமானதுண்டா என்றெல்லாம் பெண்ணே எழுதிக் கையெழுத்திட வேண்டிய அறிக்கை ஒன்று இருக்கிறது. அதைத் தமையனோ ஏஜண்டோ எழுதித் தரக் கூடாது. உண்மையான கலியாணத்துக்கு உண்மையான விடையே போதும். அலங்கரித்து எழுதினால்தான் புருஷன் எழுதியதற்கும் மனைவி எழுதியதற்கும் தேதி மாறிப்போகும். பெண்ணின் போலீஸ் சான்றைக் கோரமங்கலத்துப் பாஸ்போர்ட் ஆபீசின் வழியே பெறலாம். உடல்நலச் சான்றோடு, காசநோய் இல்லை என்னும் சான்றும் வேண்டும். காசநோய் மிகுந்ததென்று கொரியா குறித்துள்ள நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் உள. எந்த ஆஸ்பத்திரியிலும் எடுத்தது செல்லாது. தூதரகம் குறித்த ஆஸ்பத்திரியிலேயே எடுக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் வரவைப் பார்க்கிறார்கள். அதற்குரிய அளவை அந்நாட்டு நீதி அமைச்சகம் வருஷந்தோறும் அறிவிக்கும். 2024இல் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது சுமார் 2 கோடியே 21 லட்சம் வொன். அன்றைய மாற்று விலையில் பதின்மூன்று லட்ச ரூபாய்க்குச் சற்று அதிகம். கோடி என்றதும் மலைக்க வேண்டாம், வொன் சிறிய காசு. வரவு குறைந்தால் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வீதம் வரவாகச் சேர்த்துக் கணக்கிடவும் இடமுண்டு. தம்பதிகளுக்குக் குழந்தை பிறந்திருந்தாலும், வெளிநாட்டிலேயே இருவரும் ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து அக்காலத்தில் கொரியாவில் வரவே இல்லாதிருந்தாலும் இவ்விதியிலிருந்து விலக்குக் கேட்கலாம். இந்நாட்டில் நெடுநாள் வேலை பார்த்த மாப்பிள்ளைகள் இதைக் கவனிக்க. குடியிருக்க வீடு உண்டா என்றும் பார்ப்பார்கள். சொந்தமோ வாடகையோ, சேர்ந்து வாழ ஏற்றதாயிருக்க வேண்டும்.

பின்னர் மொழி. 2014 ஏப்ரல் முதல் பெண்ணுக்கு அடிப்படைக் கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. தோபிக் என்னும் பரீட்சையில் முதற்படி தேறினால் போதும். இருநூறு மதிப்பெண்ணுக்கு எண்பது. கேட்டலும் வாசித்தலும் மட்டும். அல்லது அவர்கள் அங்கீகரித்த பள்ளியில் தொடக்கப் பாடம் முடித்த சான்று காட்டலாம். சென்னையில் 2006 முதல் நடந்துவரும் இன்கோ மையத்தில் கொரிய மொழி கற்பிக்கிறார்கள். மாப்பிள்ளை பெண்ணின் மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வசித்து அம்மொழியில் பேச வல்லவரானால் விலக்கு உண்டு. விலக்குக் கிடைத்தாலும் படிக்காமல் விடுவது தகாது என்பது என் கட்சி. விலக்கு விசாவுக்குத்தான், மாமியாரிடம் பேசுவதற்கன்று.

அம்மொழி தமிழருக்கு அவ்வளவு அயலுமன்று. 1446இல் சேஜோங் அரசர் வெளியிட்ட அவ்வெழுத்தில் இன்று மெய் பதினான்கு, உயிர் பத்து. இரண்டும் கூடி ஒரே கட்டாக நிற்பது நம் உயிர்மெய்யை ஒத்தது. வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும், பெரியவரிடம் ஒரு விதமாகவும் சிறியவரிடம் ஒரு விதமாகவும் வினை முடியும். தகப்பனாரை அவர்களும் 'அப்பா' என்றே அழைக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இருமொழியும் ஓர் இனம் என்று மேடையேறி முழங்குவோர் வேறு, யான் அவ்வளவு தூரம் செல்லேன். எங்கள் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்று மற்றொரு பெயர் உண்டு, நாங்கள்தாம் வழங்குவதில்லை. ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து கன்னடம் கற்று 1894இல் பெரிய கன்னட அகராதியையே வெளியிட்ட பாதிரியார் கிட்டல் அவர்களின் பெயர் அது. எண்பது மதிப்பெண்ணுக்கு அஞ்சும் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.

மனு மறுக்கப்பட்டால் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மீண்டும் போட முடியும். ஆதலின், 'போட்டுப் பார்ப்போம், குறை இருந்தால் சொல்வார்கள்' என்னும் நம்மூர் வழக்கம் அங்கே உதவாது.

இதுவரை எழுதியது அவர்கள் நம்மிடம் கேட்கும் காகிதங்களைப் பற்றி. கடிதம் எழுதிய தகப்பனார்களில் ஒருவர், 'பெண்ணைக் கொடுத்தவன் நான். குற்றவாளியைப் போல் என்னிடம் இத்தனை சான்று கேட்கிறார்களே' என்று மனம் நொந்திருக்கிறார். அவர் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் இவ்விதிகள் எப்படிப் பிறந்தன என்று அறிந்தால் அவர் வேறு விதமாக எண்ணக்கூடும்.

2010 ஜூலையில் புஸான் நகரில் ஒரு வியட்நாமியப் பெண் கொலையுண்டாள். வயது இருபது. தரகர் மூலம் கலியாணமாகிக் கொரியாவுக்கு வந்து எட்டே நாள் ஆகியிருந்தது. கொன்றவன் புருஷன். அவன் பல்லாண்டுகளாக மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவன். அது அப்பெண்ணுக்குச் சொல்லப்படவில்லை. அவளுக்கு அவ்வூர் மொழியும் தெரியாது. இச்செய்தி கொரிய நாட்டையே உலுக்கியது. அதன் பின்னர் தரகர் சட்டம் திருத்தப்பட்டது; விசா விதியும் இறுகியது. உடல்நலம், குற்ற வழக்கு ஆகியவற்றின் விவரங்களை மணமக்கள் ஒருவருக்கொருவர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்பது இன்று விசாப் பரிசோதனையில் ஓர் அம்சம். ஐந்தாண்டுக்குள் வேறொருத்தியை இவ்வாறே அழைத்து வந்தவன் இன்னொருத்தியை அழைக்க முடியாது என்பதும் விதி. இவை நம் பெண்ணைத் தடுப்பதற்கு இட்ட வேலி போலத் தோன்றினும், அவளைக் காப்பதற்கு இட்ட வேலியாகவும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவதுதான் நம்மவர் செய்யும் பிழை.

நம் ஊரில் வரன் வந்தால் என்ன செய்வோம்? மாமன் ஒருவர் பையனுடைய ஆபீசுக்குப் போய் விசாரிப்பார். சித்தப்பா அவன் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். சிகரெட் முதல் கடன் வரை எல்லாம் தெரிந்துவிடும். கொரியாவில் நமக்கு மாமனும் இல்லை, டீக்கடையும் இல்லை. அங்கே அவ்வேலையைச் செய்வது ஒரு காகிதம். ஒவ்வொரு கொரியக் குடிமகனுக்கும் அரசாங்க ஏட்டிலிருந்து விவாக உறவுச் சான்று என்று ஒன்று கிடைக்கும். அதில் இருவிதப் பிரதி உண்டு. சாதாரணப் பிரதியில் இன்றைய நிலை மட்டுமே இருக்கும். விரிவுப் பிரதியில் முன்பு நடந்த கலியாணம், விவாகரத்து எல்லாம் ஏறியிருக்கும். அவர்கள் மொழியில் விரிவுப் பிரதிக்குச் 'சங்ஸே' என்று பெயர். அன்பர்கள் இவ்வொரு சொல்லை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். விசாவுக்கும் அதுவே வேண்டியிருத்தலின், மாப்பிள்ளை எப்படியும் எடுக்கப்போகிற காகிதம்தான். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே எடுத்துக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பெண்ணின் சான்றுகளை முதலில் நாமே நீட்டிவிட்டு, 'உங்களுடையதையும் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் நல்ல பிள்ளை சிரித்துக்கொண்டே கொடுப்பான். உடல்நலச் சான்றும் போலீஸ் சான்றும் அவ்வாறே. அவற்றைப் பெண் தானே மொழிபெயர்ப்போடு வாசிக்க வேண்டும். தகப்பனார் வாசித்துத் தலையசைத்தது போதாது. குடித்தனம் நடத்தப்போகிறவள் அவள்.

முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் என்று தெரிந்தால் கலியாணத்தையே விட்டுவிட வேண்டும் என்று யான் சொல்லவில்லை. அது அவரவர் முடிவு. தெரிந்து செய்துகொள்வதற்கும் தெரியாமல் அகப்பட்டுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தையே சொல்கிறேன்.

அங்கே சென்று இறங்கிய தொண்ணூறு நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து அட்டை பெற வேண்டும். இந்த விசாவில் சென்றவர் வேறு அனுமதி வேண்டாமலே வேலை செய்யலாம். பல நாட்டு மனைவி விசாக்களில் இல்லாத சௌகரியம் இது. பெண் படித்த படிப்பு வீணாகாது. நம் ரேஷன் கார்டைப் போல் அவர்களுக்கும் வீட்டிலுள்ளோர் பெயர்களைக் காட்டும் பதிவு ஒன்று உண்டு. வெளிநாட்டு மனைவியின் பெயர் அதில் குடும்பத்தாரோடு இடம்பெற 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது இடம்பெறுகிறது. மணவாழ்வு முறிந்தால் உடனே மூட்டை கட்ட வேண்டும் என்ற பயமும் வேண்டா. குற்றம் புருஷன்மீது இருந்தாலும், குழந்தையை வளர்க்கும் பொறுப்பு அவள் கையில் இருந்தாலும், அங்கேயே தங்க அதே விசாவில் பிரிவு இருக்கிறது. ஆனால் குற்றம் யாருடையது என்று காட்டக் காகிதம் வேண்டும். டாக்டர் சீட்டு, போலீஸ் புகார் இவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருத்தல் அவசியம்.

குடியுரிமையைப் பற்றி அல்சூர் அன்பர் கேட்டிருக்கிறார். மணந்து அங்கே இரண்டாண்டு வசித்தபின் கொரியக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். மணமாகி வந்தவர் தம் பழைய குடியுரிமையையும் வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் 2011 முதல் இடம் தருகிறது. இதைக் கேட்டு நம்மவர் இரண்டும் கிடைக்கும் என்று மகிழ்கின்றனர். கிடைக்காது. அவர்கள் கொடுத்தாலும் நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விடாது. விரும்பிப் பிற நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பின்னர் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் அதை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விளைநிலம் விலைக்கு வாங்க முடியாது. அவசரமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. எஃப்-5 என்னும் நிரந்தர வாச உரிமைக்கும் இரண்டாண்டுக்குப் பின் மனுச் செய்யலாம். அதில் இந்தியப் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கும். பெண்ணுக்கு இங்கே வயதான பெற்றோரும் ஊரில் கொஞ்சம் நிலமும் இருந்தால் நான் அவ்வழியையே சொல்வேன்.

மூலப் பத்திரங்களைப் பெண்ணின் கையில் கொடுத்தனுப்புக. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, விவாகச் சான்றின் இரண்டு அசல்கள், எல்லாம் ஒரு பையில், அப்பை அவள் பெட்டியில். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்கிறேன் என்று யார் கேட்டாலும், மாமியாரே கேட்டாலும், கொடுக்கலாகாது. 1577-1366 என்னும் தொலைபேசி எண்ணைத் தனியே ஒரு சீட்டில் எழுதி அப்பையில் வைக்கவும். வெளிநாட்டிலிருந்து மணமாகி வந்த பெண்களுக்கென்று கொரிய அரசாங்க ஆதரவில் நடக்கும் உதவி எண் அது. இரவும் பகலும் பேசலாம். தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு.

விவேக் நகர் அன்பரின் இரண்டாவது கேள்வி, இங்கே பிறக்கும் குழந்தை எந்நாட்டுக் குடி என்பது. அது தனியே எழுத வேண்டிய சங்கதி; அடுத்த இதழில் எழுத உத்தேசம்.